உடலில் தங்கிய உலோகமும் அதனைப் படிக்கும் அறிவியலும்

(பனமலையில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

உயிரணுவிலும் திசுவிலும் உள்ள உலோகங்களை லேசர் ஒளியின் துணைகொண்டு அளந்தறிதல் என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். பனமலைக்கு இது தொலைதூரச் செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நம் மக்களுள் பலர் பிழைப்பு நாடி இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளுக்கும், பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறைகளுக்கும் சென்றவர்கள். கையில் புண்ணும் மார்பில் இளைப்புமாகத் திரும்பியவர் முறையிட்டபோது, “இது வேலையால் வந்தது என்பதற்குச் சான்று என்ன?” என்னும் கேள்வியே மறுமொழியாகக் கிடைத்தது. அச்சான்றின் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதனைப் படிக்கும் கல்வி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவே.

உலோகம் என்றாலே நஞ்சு என்று கொள்ளலாகாது. வளர்ந்த மனித உடலில் இரும்பு ஏறத்தாழ 4 கிராமும், துத்தநாகம் 2 கிராம் அளவும், செம்பு அதனினும் மிகக் குறைவாகவும் உள்ளன. இவையின்றி உயிர் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நாம் அறிவோம். உலோகங்களை மருந்தாக்கிய அம்மருத்துவ மரபு, அளவு மிஞ்சினால் மருந்தும் நஞ்சாகும் என்பதை உணர்ந்திருந்தது. ஆனால் காரீயம், பாதரசம் போன்றவற்றால் உடலுக்கு எப்பயனும் இல்லை.

குரோமியம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சென்னையிலுள்ள குரோம்பேட்டை தன் பெயரையே குரோம் தோல் ஆலையிலிருந்து பெற்றது. தோல் பதனிட உதவும் மூவிணைதிறக் குரோமியம் நச்சுத்தன்மை குறைந்தது. குரோமேட்டு உப்புகளிலுள்ள அறுவிணைதிறக் குரோமியமோ தோலைத் துளைக்கும் புண்ணையும் நுரையீரற் புற்றையும் உண்டாக்க வல்லது. இராணிப்பேட்டையில் குரோமேட்டு ஆலை மூடப்பட்ட பின்னரும் அதன் கழிவுமேடு எஞ்சி நிலத்தடி நீரைக் கெடுத்தது. தோல் ஆலைக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டில் நிலைநாட்டியது.

இனி அளவிடும் முறைக்கு வருவோம். திசுவை அமிலத்திற் கரைத்து, அதிலுள்ள உலோகத்தை அளப்பது பழைய முறை. அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதிற் கிடைப்பது சராசரி மட்டுமே. ஊர் முழுவதன் நெல்லையும் ஒரே களத்திற் கொட்டி அளந்தால் மொத்த விளைச்சல் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியாது. அதை அறிய வீடு வீடாகச் செல்லவேண்டும். லேசர் முறை அவ்வாறு செல்வது.

திசுவை மயிரிழையினும் மெல்லிய சீவலாக அறுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வைப்பர். கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா லேசர் ஒளியை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அகலமுள்ள புள்ளியாக அதன்மேல் பாய்ச்சுவர். அப்புள்ளியிலுள்ள திசு நுண்துகளாகப் பெயரும். அத்துகளை ஹீலியம் வளி ஏந்திச் சென்று ஆர்கான் பிளாஸ்மாவினுட் செலுத்தும். பிளாஸ்மாவின் வெப்பநிலை 6,000 முதல் 10,000 கெல்வின் வரை இருக்கும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,800 கெல்வின்தான். அவ்வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகும். நிறை நிறமாலைமானி அவ்வயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். புள்ளி புள்ளியாக நகர்ந்து எண்ணிய கணக்கைச் சேர்த்தால், எவ்வுலோகம் திசுவின் எவ்விடத்தில் எவ்வளவு உள்ளது என்னும் வரைபடம் கிடைக்கும்.

பிளாஸ்மாவையும் நிறை நிறமாலைமானியையும் இணைத்த முறையை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹவுக், ஃபாசல் ஆகியோரும் இங்கிலாந்தின் ஆலன் கிரேயும் சேர்ந்து 1980-இல் வெளியிட்டனர். 1985-இல் கிரே அதனுடன் லேசரைப் பொருத்தினார். முதலில் பாறைகளை ஆராயவே அது பயன்பட்டது. பின்னர் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் சபீன் பெக்கர் மூளைத் திசுவில் செம்பு, துத்தநாகம் முதலியவற்றின் வரைபடங்களை எடுத்தார். 2014-இல் சூரிச் நகரில் போடன்மில்லர் குழுவினர், எதிர்ப்பொருள்களில் அரிய உலோகங்களை அடையாளமாகக் கட்டி, புற்றுத் திசுவில் 32 வகைப் புரதக் குறிகளை ஒரே வேளையில் உயிரணு உயிரணுவாகக் கண்டனர்.

இளைஞர்களே, ஒரு பெயரை இங்கு நீங்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு வெப்பத்தில் ஓர் உலோகத்தின் அணுக்களுள் எத்தனை விழுக்காடு அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் உலகிற்குத் தந்தவர் மேகநாத் சாகா. விண்மீன்களின் ஒளியை விளக்க அவர் கண்ட சமன்பாடு, இன்று ஆய்வுக்கூடப் பிளாஸ்மாவிற்கும் பொருந்துகிறது. ஏறத்தாழ 7,500 கெல்வினில் குரோமியம் 98, காரீயம் 97, துத்தநாகம் 75, பாதரசம் 38 விழுக்காடு அயனியாகும் என்று அதனைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.

சாகா 1893-இல் டாக்காவை அடுத்த ஒரு சிற்றூரில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் தங்கவைத்து உணவளித்த ஒரு மருத்துவரின் உதவியாற் படித்தார். அவர் நம்மைப் போன்று சேரியிற் பிறந்தவரல்லர். எனினும் அவர் குலமும் தாழ்ந்ததெனக் கருதப்பட்டது. கல்கத்தாவில் மாணவர் விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் ஒரு வரிசையில் அமர்ந்துண்ண மறுத்தனர். அன்று பந்தியில் ஒதுக்கப்பட்டவரின் சமன்பாடின்றி இன்று இக்கருவியின் கணக்கு நடவாது.

நம் ஊர்த் தாளகிரீசுவரர் கோயிலில் இராசசிம்ம பல்லவன் காலத்து அம்மையின் ஓவியம் இன்றும் எஞ்சியுள்ளது. சுவரில் ஒட்டிய சிறிதளவு வண்ணத்தைக் கொண்டு 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தை அறிஞர் படிக்கின்றனர். அதுபோல மயிரிலும் பல்லிலும் காலம் பதிகிறது. தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனிவரை லேசர் சென்றால், எத்திங்களில் உலோகம் ஏறியது என்பதை உய்த்துணரலாம். பாற்பல் இதனினும் வியப்புடையது. தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கும் அப்பல்லில் மரத்தின் வளையம் போன்ற கோடுகள் உண்டு. பிறந்த நாளைக் காட்டும் தனிக்கோடும் உண்டு. நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியில் மணீஷ் அரோரா குழுவினர் இக்கோடுகளை லேசரால் ஆராய்ந்து, பிறப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தையின் உடலிற் சேர்ந்த காரீயத்தைக் காலவாரியாகக் கண்டறிந்துள்ளனர்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. 5 மைக்ரோகிராம் எட்டினாலே அது எங்கிருந்து வருகிறதென்று கண்டு நீக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல். காரீயம் மிகுந்தால் குழந்தையின் கவனமும் கற்கும் ஆற்றலும் குன்றும். அத்தகைய பிள்ளையை மந்தன் என்று வகுப்பறை தள்ளிவிடுமாயின், அந்தப் பழி யாரைச் சேரும்? இரத்தம் அண்மைக் காலத்தைக் காட்டும். பல்லோ பழங்காலத்தையும் காட்டும்.

இம்முறையின் எல்லையையும் சொல்லவேண்டும். பிளாஸ்மாவினுட் புகுந்ததும் வேதிச் சேர்மங்கள் சிதைந்துவிடும். ஆகவே குரோமியம் இருப்பது தெரியும். அது மூவிணைதிறமா அறுவிணைதிறமா என்பது தெரியாது. மேலும், நிறை 40 உடைய ஆர்கானும் நிறை 12 உடைய கார்பனும் கூடினால் 52 ஆகும். குரோமியத்தின் நிறையும் 52. திசுவெங்கும் கார்பன் இருப்பதால், இல்லாத குரோமியம் இருப்பதாகக் கருவி பொய்ச்சான்று கூறக்கூடும். அதை விலக்கும் வழிகளை அறிந்தவரே கருவியை நம்பத் தக்கவாறு இயக்க முடியும். மயிரின் புறத்தே ஒட்டிய ஆலைத் தூசியையும் உள்ளே ஏறிய உலோகத்தையும் பிரித்தறிவதும் அத்தகைய பயிற்சியே. நோயுற்ற தொழிலாளிக்கு முதலில் வேண்டுவது இரத்தம், சிறுநீர் ஆகியவற்றின் எளிய ஆய்வுதான்.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. ஆலையில் வேலை செய்வோர் தாம் எந்த ஆண்டில், எந்தப் பிரிவில், எந்தப் பொருளைக் கையாண்டோம் என்பதை எழுதி வைத்து, மருத்துவரிடம் அதனைச் சொல்லிப் பதியச் செய்யவேண்டும். காரீய நஞ்சும் குரோமியப் புண்ணும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களாகக் குறிக்கப்பட்டவை. சட்டம் இருந்தும் மருத்துவச் சீட்டில் தொழிலின் பெயர் இல்லையேல், முறையீடு வலுவிழக்கும்.

இரண்டாவது, மேல்நிலை வகுப்பில் வேதியியலையும் இயற்பியலையும் கண்டு அஞ்சி ஒதுங்கும் வழக்கத்தை நம் மாணவர் கைவிடவேண்டும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி தொலைவில் இல்லை. அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை நமக்கு உண்டு. முதுகலைக்கு ஐ.ஐ.டி.களின் நுழைவுத் தேர்வும், ஆராய்ச்சிக்கு உதவித்தொகைத் தேர்வும் உள்ளன. இவ்வழியிற் செல்லும் மாணவர்க்கு நூலும் தேர்வுக் கட்டணமும் அளிப்பதைச் சங்கம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும்.

உழைத்தவர் உடலில் பதிந்ததைப் பிறர் படித்துச் சொல்லட்டும் என்று இனியும் காத்திருத்தல் ஆகாது. நம் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் அக்கருவியின் முன் அமர்ந்து, தாமே படித்து, தம் பெயரில் ஒப்பமிட்டுச் சான்று தரவேண்டும். அதற்கு இன்றே வித்திடுவோம்.