கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகிற செல்போனைப் பார்த்து வாங்குவோம்

(செஞ்சியில் நடந்த கணக்காளர் பயிற்சியில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளாக எந்த ஊர் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் ஒரே கேள்விதான். "குழுவுக்கு ஒரு டச் போன் வாங்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம், எந்த போன் நல்லது?" விலை என்ன என்று கேட்கிறீர்கள். கேமரா எப்படி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கிறீர்கள். கூட்டமைப்பு ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டரோடு அந்த போன் சேருமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சிங்க் ஆச்சு, சிங்க் ஆகலை என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பயப்படுகிற வார்த்தை இல்லை. ரொக்கப் புத்தகத்தில் 1,200 ரூபாய் வரவு எழுதினால் பொதுப் பேரேட்டிலும் அதே 1,200 ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தணிக்கைக்கு வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம்ம முகத்தைப் பார்ப்பார். போனும் கம்ப்யூட்டரும் அப்படித்தான். போனில் பதிந்தது கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரில் திருத்தியது போனுக்கும் போய்ச் சேர்ந்து, இரண்டிலும் ஒரே கணக்கு இருப்பதற்குப் பெயர்தான் சிங்க். ஒத்திசைவு என்று தமிழில் எழுதுகிறார்கள்.

இது ஏதோ படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மேல்மலையனூர் பக்கத்தில் ஒரு குழு, பெயர் வேண்டாம். 14 பேர் உறுப்பினர்கள். கணக்கு எழுதும் பெண் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பக்கத்தையும் பேரேட்டுப் பக்கத்தையும் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். நல்ல பழக்கம்தான். ஐப்பசி மழையில் வீடு ஒழுகிப் பேரேடு ஊறிப்போய்விட்டது. "போட்டோ இருக்குதே" என்று தைரியமாக இருந்தார்கள். கொஞ்ச நாளில் போன் கிணற்று மேடையில் விழுந்து திரை கருத்துவிட்டது. கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுக்கலாமே என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். போனின் பூட்டைத் திறந்து, திரையில் அனுமதி கொடுத்தால்தான் கேபிள் வழியே படம் வெளியே வரும். திரையே இல்லை, எங்கே அனுமதி கொடுப்பது?

வங்கியில் மூன்றாவது கடனுக்குத் தரமதிப்பீடு வைத்திருந்த நேரம் அது. தனிநபர் பாஸ்புக்குகளை வாங்கி ஒவ்வொருவர் சேமிப்பையும் திரும்ப எழுத ஆறு வாரம் ஆனது. இரண்டு பேருடைய பாஸ்புக்கில் நான்கு மாதப் பதிவே இல்லை. "நான் கட்டினேன்", "கட்டலை" என்று பேச்சு வளர்ந்து குழு உடைகிற நிலைக்குப் போனது. எட்டு வருடக் குழு அது.

அந்தப் பெண் படம் எடுத்தது தப்பில்லை. படம் போனை விட்டு வெளியே வராமல் போனதுதான் பிரச்சினை. குழுப் பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவரிடம் என்று நாம் வைக்கிறோம் அல்லவா? கணக்கு மட்டும் ஏன் ஒரே ஆளின் ஒரே போனுக்குள் இருக்க வேண்டும்?

குழுக் கணக்கைச் செல்போன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வேலை நம்ம தமிழ்நாட்டில் இருபது வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தபன் பாரிக் என்பவர், மதுரைப் பக்கம் மகாகலசம் என்ற மகளிர் குழுக்களின் அமைப்போடு சேர்ந்து 'கேம்' என்ற முறையை உண்டாக்கினார். கணக்குப் படிவத்தில் கட்டம் கட்டமாகக் குறியீடு அச்சடித்திருக்கும். கேமரா போனை அந்தக் குறியீட்டுக்கு நேராகக் காட்டினால், இந்த இடத்தில் என்ன தொகை என்று போன் தமிழில் குரல் கொடுத்துக் கேட்கும். எண்ணை அழுத்த வேண்டியதுதான். பிறகு அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006-இல் வெளிவந்தது. அந்த முறையில் எங்களுக்குப் பிடித்தது, காகிதத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை என்பதுதான். கையெழுத்துப் போட்ட காகிதம் குழுவிடமே இருக்கும், எண் மட்டும் போன் வழியாகப் போகும்.

அப்புறம் 2015 மார்ச்சில் நபார்டு வங்கி 'இ-சக்தி' திட்டத்தை ஜார்கண்டில் ராம்கர், மகாராஷ்டிராவில் துலே என்ற இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. இப்போது வாழ்வாதார இயக்கத்தின் 'லோக்ஓஎஸ்' செயலி நம்ம கைக்கே வந்துவிட்டது. கூட்டத்தில் எழுதுகிற சேமிப்பும் கடனும் போன் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. ஆக, போன் இனிமேல் பேசுவதற்கு மட்டும் இல்லை, அதுவும் ஒரு பேரேடுதான்.

சரி, கடைக்குப் போவோம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கினாலும் சரி, திண்டிவனம், திருவண்ணாமலை போய் வாங்கினாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது கேபிள். முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒரு துளை, மாடலுக்கு ஒரு வயர். நோக்கியா போனைக் கம்ப்யூட்டரில் சேர்க்க பி.சி. சூட் என்று தனியாக ஒரு மென்பொருளைப் போட வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகிற டைப்-சி துளைதான் எல்லாவற்றிலும். ஐபோன்கூட 2023-இல் அதற்கு வந்துவிட்டது. பழைய மைக்ரோ துளை உள்ள போன் மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் துளை ஒன்று என்பதால் வயர் எல்லாம் ஒன்று ஆகிவிடாது. தெருவோரம் விற்கிற மலிவு வயர்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். உள்ளே தகவல் போகிற கம்பியே இருக்காது. "போன் கெட்டுப்போச்சு, கம்ப்யூட்டர் காட்டமாட்டேங்குது" என்று வருகிறவர்களுக்கு வயரை மாற்றிக் கொடுத்தே பாதி வழக்கைத் தீர்த்திருக்கிறோம். கடையிலேயே சோதித்துவிடுங்கள். பில் போடுகிற கம்ப்யூட்டரில் வயரைச் செருகச் சொல்லுங்கள். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்தால் யுஎஸ்பி என்று ஒரு வரி வரும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டரில் போன் பெயர் வரும். அதற்குள் டிசிஐஎம் என்ற பெட்டியில் நாம் எடுத்த படம் இருக்கும். ஒரு படத்தை இழுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம், நம்ம காசு.

ஆண்ட்ராய்டா, ஐபோனா என்று ஒரு அக்கா கேட்டாங்க. பெங்களூரில் வேலை செய்கிற மகன் தன் பழைய ஐபோனைக் குழுவுக்குத் தருகிறேன் என்கிறாராம். தருகிற மனசு பெரிசு. ஆனால் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐபோனைச் செருகினால் படமும் வீடியோவும்தான் சுலபமாக வரும், மற்ற கோப்புகளுக்கு ஆப்பிளின் தனி மென்பொருள் வேண்டும். லோக்ஓஎஸ் ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிற செயலி. நம்ம வேலைக்கு ஆண்ட்ராய்டே போதும். பட்டன் போன் பேச நல்லது, இந்த வேலைக்கு ஆகாது.

இடம், அதாவது ஸ்டோரேஜ், 128 ஜிபி இருக்கட்டும். 64 ஜிபியில் ஒரு பெரிய பங்கை போனுடைய சொந்த மென்பொருளே பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்கள் பிடித்துக்கொள்ளும்! இடம் நிரம்பிய போனில் செயலி திணறும், பதிவு பாதியில் நிற்கும்.

அடுத்தது பலர் கேட்காத ஒன்று: எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள்? மலிவு போன்கள் சிலவற்றுக்கு இரண்டு, மூன்று வருடத்தோடு நின்றுவிடும். சாம்சங் கம்பெனி 2024-இல் வெளியிட்ட ஏ16 5ஜி போனுக்கு ஆறு வருடம் தருவதாக அறிவித்தது. ஒரு கம்பெனியை வாங்கச் சொல்லவில்லை, நடுத்தர விலையிலும் அப்படிக் கிடைக்கிறது என்பதற்குச் சொல்கிறோம். அப்டேட் நின்ற போனில் குழுவின் வங்கிச் செய்தியும் ஓடிபியும் வருவது பாதுகாப்பில்லை.

பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் திருட்டு போனா, தடை செய்ததா என்று தெரியும். குழுப் பணத்தில் திருட்டு போன் வாங்கிக்கொண்டு வழக்கில் நிற்க முடியாது.

போன் வாங்கியாச்சு. இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஆண்ட்ராய்டு போனைத் திறந்ததும் ஒரு கூகுள் கணக்கு கேட்கும். அங்கேதான் "தம்பி, உன் மெயிலைப் போட்டுக் கொடு" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டிவிடுகிறோம். அவன் மெயிலைப் போட்டால் நம்ம உறுப்பினர் எண்கள், படங்கள், கணக்குத் தாள் எல்லாம் அவன் கணக்கில்தான் சேரும். அவன் பாஸ்வேர்டை மாற்றினால் நாம் வெளியே நிற்போம். ஆகவே குழுவின் பெயரிலேயே ஒரு கூகுள் கணக்கு. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உறையில் ஒட்டி பணப்பெட்டிக்குள் வையுங்கள். கணக்காளர் மாறினால் தீர்மானம் போட்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அதே கணக்கை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால், போனில் கூகுள் தாளில் பதிந்த சேமிப்பு அங்கே அப்படியே தெரியும். டவர் இல்லாத இடத்தில் தாளை ஆஃப்லைனுக்கு வைத்துக்கொண்டு எழுதலாம், டவர் வந்ததும் மேலே ஏறும். நம்ம ஊரில் மலைக்கு இந்தப் பக்கம் கிடைக்கிற சிக்னல் அந்தப் பக்கம் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். கூட்டம் நடக்கிற இடத்தில் எந்த சிம் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு சிம் வாங்குங்கள்.

கூகுளில் இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூனிலிருந்து படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. அதனால் மாதம் ஒருமுறை வயர் போட்டுப் படங்களை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். குழு பெயர், மாதம், வருடம் என்று பெட்டிக்குப் பெயர் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேரேட்டுப் படத்தை அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும். அவசரத்துக்கு அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். பிரவுசிங் சென்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தால், எழுந்து வருமுன் லாக்அவுட் செய்யுங்கள். நம்ம பேச்சையெல்லாம் அடுத்து உட்காருபவர் படிக்க வேண்டியதில்லை.

பழைய குழுக்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆபீசில் பல வருடம் முன்பு வானவில், பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த உறுப்பினர் பட்டியலைப் போனில் திறந்தால் தமிழ் வராது, கோணல் மாணலாக ஏதோ வரும். போன் கெடவில்லை. போனுக்குத் தெரிந்தது யூனிகோடு தமிழ். 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம், பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, போன் யார் கையில் இருக்கும்? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்த ஒரு போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 100-க்கு 54 பேர்தான். "வீட்டுக்காரர் போன் இருக்குதே, அதிலேயே ஏத்திக்கலாம்" என்று சொல்கிற குழுக்கள் இன்னும் இருக்கின்றன. அவர் வேலைக்குப் போனால் கணக்கும் கூடவே போகும். குழுவின் போன் குழுவின் சொத்து. சொத்துப் பதிவேட்டில் ஐஎம்இஐ எண்ணோடு எழுதுங்கள், யாரிடம் இருக்கிறது என்று கையெழுத்து வாங்குங்கள். தொலைந்தால் உடனே சிம்மை நிறுத்துங்கள். பணம் போனது தெரிந்தால் 1930-க்கு அழையுங்கள், நேரம் கடத்தாதீர்கள்.

இத்தனை சொன்னதால் பேரேடு வேண்டாம் என்று யாரும் மூட்டை கட்டிவிடாதீர்கள். கையெழுத்து உள்ள புத்தகம் இருக்கட்டும், போனில் பதிவு இருக்கட்டும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் நகல் இருக்கட்டும். அடுத்த மாதப் பயிற்சிக்கு வரும்போது குழு போனையும் அதன் வயரையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். வரிசையாகச் செருகிப் பார்த்துவிடலாம்.