கறுப்பு மண்ணைச் செய்த கைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண். மண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு ஜனசமூகத்தின் உழைப்பையே மறைத்துவிட்ட ஒரு பொய், மண்ணைத் தோண்டியதால் உடைந்த சங்கதியைத்தான் சொல்லப் போகிறேன்.

தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுக் காடு இருக்கிறது. காடு அடர்ந்திருப்பதால் மண்ணும் வளமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மை அதுவல்ல. ஓயாத மழை சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. மேட்டு நிலங்களில் பெரும்பாலும் சத்தில்லாத செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமே மிஞ்சுகின்றன. காட்டை அழித்துப் பயிரிட்டால் சில வருஷங்களிலேயே விளைச்சல் படுத்துவிடும்.

அப்படிப்பட்ட நிலத்தின் நடுவே, ஆற்றோர மேடுகளில் திட்டுத் திட்டாகக் கரிய மண் கிடக்கிறது. பிரேசில் தேசத்தார் இதை ‘டெர்ரா பிரேட்டா’, அதாவது கறுப்பு மண் என்கிறார்கள். சில இடங்களில் 2 மீட்டர் ஆழங்கூட உண்டு. குடியானவர்கள் இதைத் தேடிப் பயிரிடுகிறார்கள்.

இது எப்படி வந்தது? எரிமலைச் சாம்பல் என்றார்கள் சில பண்டிதர்கள். பழைய ஏரிகளின் வண்டல் என்றார்கள் வேறு சிலர். எரிமலைக்குக் கொடுக்கத் தயாராயிருந்த பெருமையை, அங்கே வாழ்ந்த மனிதனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை!

தோண்டிப் பார்த்தால் கிடைப்பதென்ன? அடுப்புக் கரி, சாம்பல், மீன் முள், எலும்பு, உடைந்த சட்டிப்பானை ஓடு. தோழர்களே! எரிமலை பானை வனையுமா? ஏரி மீன் சுட்டுத் தின்னுமா? இவை யாவும் மனிதன் வாழ்ந்த அடையாளமல்லவா? இதில் பெரும்பகுதி சுமார் 2,500 வருஷத்திலிருந்து 500 வருஷத்திற்கு முன்வரை அந்நாட்டுப் பூர்வகுடிகளால் உண்டானதென்று இன்று ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். முழுதும் எரிந்து சாம்பலாகாமல் புகைந்து கரியான விறகு எளிதில் மக்காது. அதன் நுண்ணிய துளைகள் மழை அடித்துக்கொண்டு போகும் சத்தைப் பிடித்து வைக்கும். எலும்பும் மீன் கழிவும் உரமாகும்.

தானாகச் சேர்ந்த குப்பைதானே, இதில் அறிவு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டோரத்தில் சேர்ந்ததும் உண்டு. ஆனால், பிரேசிலில் ஷிங்கு ஆற்றுப் பக்கம் வாழும் குய்க்குரோ மக்கள் இன்றைக்கும் சாம்பலையும் உணவுக் கழிவையும் வேண்டுமென்றே பரப்பி மண்ணைக் கறுப்பாக்கிப் பயிரிடுவதை 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இது அறிவல்லாமல் வேறென்ன?

இம்மக்களின் மற்றொரு வேலையைப் பாருங்கள். மரவள்ளி அவர்கள் நாட்டுப் பயிர். கசப்பு மரவள்ளியில் ஆளைக் கொல்லும் விஷம் உண்டு. அதைத் தோலுரித்து, துருவி, நீண்ட பின்னல் குழாயில் அடைத்துப் பிழிந்து, வறுத்து மாவாக்கிச் சாப்பிடும் வழியை அம்மக்கள் கண்டுபிடித்தார்கள். எந்தக் கல்லூரியில் கற்றார்கள்? சேலத்து ஜவ்வரிசியும் அதே கிழங்கின் மாவுதான். நாம் மணிலாக்கொட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கும் பேர்தான் மணிலா, பிறப்பிடம் தென் அமெரிக்கா. அவர்கள் பயிரைத் தின்றுகொண்டே அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்பது என்ன நியாயம்?

1542-இல் ஓரெல்லானா என்ற ஸ்பானியர் அமேசான் வழியே பிரயாணம் செய்தார். கூடப் போன பாதிரியார் கார்வஹால், கரையெல்லாம் ஊர்கள் நிறைந்திருந்ததாக எழுதினார். அவரே போர்வீரப் பெண்களின் கதையையும் சேர்த்து எழுதியதால், பிற்காலத்தார் உமியோடு அரிசியையும் கொட்டிவிட்டார்கள். வெள்ளையர் கொண்டுவந்த அம்மையும், அடிமை வேட்டையும் அவ்வூர்களை அழித்தன. பின்னால் வந்தவர்கள் வெறுங்காட்டைப் பார்த்து, என்றைக்கும் ஆளில்லாத காடு என்றார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 1970-இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி அமேசானை ஆளில்லா நிலமென்று சொல்லிக் காட்டினூடே பெரும் சாலை போடத் தொடங்கிற்று. நிலம் பறிபோனது அங்கே வாழ்ந்தவர்களுக்கு! பரம்பரையாக அனுபவிக்கும் நிலத்தில் பூர்வகுடிகளுக்கு உரிமை உண்டென்று 1988-ஆம் வருஷ அரசியல் சட்டம் சொல்லியும், அவ்வுரிமைக்கு இன்றும் போராட வேண்டியிருக்கிறது.

ஆகவே தோழர்களே! பாதிரியார் எழுதினார் என்று நம்பவும் வேண்டாம்; பண்டிதர் மறுத்தார் என்று தள்ளவும் வேண்டாம். மண்ணைத் தோண்டிப் பாருங்கள். பானை ஓடு பொய் சொல்லாது. எங்கேயாவது வளத்தைக் கண்டால், அதைச் செய்த கை யாருடையது என்று முதலில் கேளுங்கள்.