ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்!

(கள்ளக்குறிச்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2024 ஜூன் மாதம் இதே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதை உடனே விவாதிக்கக் கோரி சட்டமன்றத்தில் முழக்கமிட்ட அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்கள், ஜூன் 26 அன்று கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எங்களைப் பேச விடவில்லை என்று அக்கட்சி முறையிட்டது.

அதே கட்சி தன் வீட்டுக்குள் என்ன செய்தது? 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் பொதுக்குழு கூடியது. பொருளாளர் ஓ.பன்னீர்செல்வம் அங்கு இல்லை. அவர் இல்லாத கூட்டத்தில் அன்றைக்கே தீர்மானம், அன்றைக்கே நீக்கம்! அந்தக் கட்சி பிறந்த கதையும் இதுதான். 1972 அக்டோபர் 10 அன்று தி.மு.க. எம்.ஜி.ஆரை இடைநீக்கம் செய்தது. 14 அன்று நீக்கியது. 17 அன்று புதுக்கட்சி பிறந்தது.

தனக்கு நேர்ந்தால் அநீதி, தான் செய்தால் கட்டுப்பாடு! வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பவனை நம் கடைவீதி என்னவென்று சொல்லும்?

பிறர் கதை இருக்கட்டும். நம் படி சரியா? ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றிக்கு முன், முஸ்லிம்களின் படைத் திட்டத்தை ஹாதிப் (ரலி) குறைஷிகளுக்குக் கடிதம் எழுதித் தெரிவிக்க முயன்றார். கடிதம் பிடிபட்டது. உமர் (ரலி) அவர்கள் அவரைக் கொல்ல அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ, முதலில் அவரை அழைத்துக் காரணம் கேட்டார்கள். மக்காவில் தம் குடும்பத்தைக் காக்க ஆளில்லை என்றார் அவர். அதைக் கேட்டு, பத்ரில் அவர் பங்கேற்றதையும் எடுத்துச் சொல்லி மன்னித்தார்கள். கையில் கடிதமே இருந்தும் விசாரணை நடந்தது! நாமோ தொலைபேசியில் வந்த ஒரு புகாரை வைத்து ஒருவரை ஒதுக்கிவிடலாமா?

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிதியில் கை வைத்ததாகப் புகார் வந்தால் பொறுப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். ஆனால் இடைநீக்கம் விசாரணைக்கான ஏற்பாடு. அது தீர்ப்பு அல்ல. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் ஒரு சகோதரர் இறங்கி வந்து பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். புகார் சொன்னவரே நீதிபதியாக அமர வேண்டாம். விசாரணைக்குக் கெடு வையுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி விடுங்கள். குற்றமில்லை என்று தெரிந்தால், நீக்கத்தை அறிவித்த அதே மேடையில் அதையும் அறிவியுங்கள்.

இளைஞர்களே! நமக்குப் பிடிக்காதவருக்கும் இந்த நீதி கிடைத்தால்தான் அது நீதி. வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீதியில் நிலைநிறுத்துவானாக!