வரிசையும் வலிமையும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவிற் பகுதியிலே செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர், மருதனார்மடச் சந்தைக்குப் புறப்படுமுன் ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். “நேற்று என்ன விலை போனது?” என்பதே அது. விடையை அறிந்துகொண்டுதான் அவர் சந்தைக்குச் செல்கின்றார். ஆயினும், நேற்றைய விலை இன்றைய விலையன்று என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை.

ஆண்டுதோறும் விம்பிள்டன் ரெனிஸ் போட்டி நெருங்கும்போது பத்திரிகைகளில் வெளிவரும் தரவரிசைப் பட்டியலும் இத்தகையதே. முதலாம் இடம் யாருக்கு, பத்தாம் இடம் யாருக்கு என்று அது கூறும். அது கூறுவது பொய்யன்று. ஆனால் அது நேற்றைய விலை.

இக்காலத் தரவரிசை எவ்வாறு கணிக்கப்படுகின்றது? 1973ஆம் ஆண்டு முதல் ஆடவர் வரிசையைக் கணனியே கணித்து வருகின்றது. கடந்த 52 வாரங்களில் ஒரு வீரர் ஈட்டிய புள்ளிகளே அதற்கு அடிப்படை. விம்பிள்டனில் வாகை சூடுபவருக்கு 2000 புள்ளிகள் கிடைக்கும். மறு ஆண்டு அதே போட்டி வரும்பொழுது அப்புள்ளிகள் அவர் கணக்கிலிருந்து நீங்கிவிடும். முதற் சுற்றிலேயே அவர் தோற்பாராயின், 2000 இருந்த இடத்தில் 10 புள்ளிகளே எஞ்சும். சென்ற ஆண்டின் வெற்றி இவ்வாண்டின் கடனாக மாறிவிடுகின்றது என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வரிசையைக் கொண்டே போட்டித் தரநிலையும் வகுக்கப்படுகின்றது. வலிமை மிக்க வீரர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே ஒருவரோடொருவர் மோதாதவாறு அவர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடே அது. முன்னர் விம்பிள்டனில் எட்டுப் பேருக்கு இவ்விடம் அளிக்கப்பட்ட காலம் உண்டு. 2001ஆம் ஆண்டு முதல் 32 பேருக்கு அளிக்கப்படுகின்றது. அந்த 2001ஆம் ஆண்டிலேயே, தரவரிசையில் 125ஆம் இடத்தில் இருந்து, சிறப்பு அனுமதி பெற்று ஆடவந்த குரோசிய வீரர் கோறன் இவானிசெவிச் வெற்றிக் கிண்ணத்தை ஏந்திச் சென்றார். பட்டியல் தயாரித்தவர்களை விதி பார்த்து நகைத்தது போலும்!

தமிழ் மக்களுக்கு இப்பொருளில் நெருங்கிய உறவுடைய பெயர் ஒன்று உண்டு. அது இராமநாதன் கிருஷ்ணன் என்பது. 1937இல் நாகர்கோவிலிற் பிறந்த இவருக்கு ரெனிஸ் ஆட்டத்தைக் கற்பித்தவர், தாமும் ஓர் ஆட்டவீரராகிய தந்தையார் டி. கே. இராமநாதன். 1954இல் விம்பிள்டன் இளைஞர் போட்டியில் அவுஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பரை வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமையைக் கிருஷ்ணன் அடைந்தார். இடிபோன்ற வேகப்பந்து அவரிடம் இருக்கவில்லை. பந்தை எங்கே வைப்பது என்ற நுட்பமும், எதிராளியை ஓடவைத்துக் களைக்கச் செய்யும் பொறுமையுமே அவருடைய படைக்கலங்கள்.

அவருடைய நாளில் கணனி வரிசை இல்லை. அநுபவம் வாய்ந்த பத்திரிகையாளர்கள் தம் மதிப்பீட்டின்படி பட்டியல் வகுத்தனர். 1961ஆம் ஆண்டு இலண்டன் எழுத்தாளர் லான்ஸ் டிங்கே கிருஷ்ணனுக்கு உலகில் ஆறாம் இடம் அளித்தார். அன்றியும், பணத்துக்காக ஆடிய தொழில்முறை வீரர்களுக்கு 1968 வரையில் விம்பிள்டன் பட்டப்போட்டியின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. 1959இல், தொழில்முறை ஆட்டக்குழுவை நடத்திய ஜாக் கிராமர் பெருந்தொகையொன்றைத் தர முன்வந்தபோது, கிருஷ்ணன் அதனை ஏற்கவில்லை. ஏற்றிருப்பின் செல்வம் சேர்ந்திருக்கும், விம்பிள்டன் கைநழுவியிருக்கும், தம் நாட்டுக்காக டேவிஸ் கிண்ணப் போட்டியில் ஆடும் உரிமையும் போயிருக்கும்.

அதே 1959இல், விம்பிள்டனுக்குச் சற்று முன்பாக நடைபெறும் குவீன்ஸ் கழகப் போட்டியில் நீல் பிரேசரை வென்று கிருஷ்ணன் பட்டம் பெற்றார். விம்பிள்டனில் இவர் வெகுதூரம் செல்வார் என்று யாரும் எண்ணியிருக்கலாம். ஆனால் அவ்வாண்டு காலிறுதியையும் அவர் எட்டவில்லை. மறு ஆண்டு ஏழாம் தரநிலையில் வைக்கப்பட்டவர், அரையிறுதி வரை முன்னேறினார். அங்கே அவரை வென்ற பிரேசரே அவ்வாண்டின் சாம்பியனானார். 1961இல் காலிறுதியில் றோய் எமர்சனை நேர் செற்களில் தோற்கடித்து மீண்டும் அரையிறுதி கண்டார். இம்முறை அவரை வென்ற றொட் லேவர் சாம்பியனானார்.

ஆகவே 1962இல் அவருக்கு நான்காம் தரநிலை அளிக்கப்பட்டது. அவர் வாழ்நாளில் விம்பிள்டனிற் பெற்ற மிக உயர்ந்த இடம் அதுவே. ஆனால் போட்டியின் நடுவில் கணுக்காலில் ஏற்பட்ட காயம் அவரை விலகச் செய்தது. பட்டியலில் மிக உயர்ந்து நின்ற வேளையிலேயே கால் அவரைத் தாங்க மறுத்தது. அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் லேவரை எதிர்த்து நின்றவரோ, தரநிலையே பெறாத மார்ட்டின் மல்லிகன். எந்தப் பட்டியல் இவ்விரண்டையும் முன்னறிந்து கூறியிருக்க முடியும்?

எனினும், வீரனின் கதை காயத்தோடு முடிவதில்லை. 1966இல் கல்கத்தாவில், பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கிண்ணப் போட்டியில், தோமஸ் கொக்குடன் ஆடிய கிருஷ்ணன், இரண்டு செற்களை இழந்து, நான்காவது செற்றில் 2க்கு 5 என்று பின்தங்கி நின்றார். அந்நிலையிலிருந்து மீண்டு ஆட்டத்தை வென்று, இந்தியாவை முதன்முறையாக அக்கிண்ணத்தின் இறுதிக் கட்டத்துக்கு அழைத்துச் சென்றார்.

அவருடைய மைந்தர் இரமேஷ் கிருஷ்ணனும் இவ்வுண்மைக்குச் சான்றானவர். 1985இல் அவர் எட்டிய மிக உயர்ந்த உலக இடம் 23. அவரோ 1989இல் அவுஸ்திரேலியப் போட்டியின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல்வராகவும் முந்திய ஆண்டின் சாம்பியனாகவும் இருந்த சுவீடன் வீரர் மாற்ஸ் விலாண்டரை நேர் செற்களில் வீழ்த்தினார். வரிசைகள் இரண்டும் களத்துக்கு வரவில்லை. மனிதர் இருவரே வந்தனர்.

அவ்வாறாயின் தரவரிசை வீணோ? அன்று. ஓராண்டு முழுவதும் பல நாடுகளிலே, புற்றரையிலும் செம்மண் தரையிலும் உழைத்த உழைப்புக்கு அது தரும் சான்று மதிக்கத்தக்கது. அதனிடத்தில் இன்னொரு நற்குணமும் உண்டு. அது மறக்கத் தெரிந்தது. 52 வாரங்கள் சென்றதும் பழைய தோல்வியையும் பழைய வெற்றியையும் ஒருங்கே துடைத்துவிட்டு, மீண்டும் தொடங்கும் வாய்ப்பை எல்லோருக்கும் அளிக்கின்றது.

1824 முதல் பெண்மக்களுக்குக் கல்வி வழங்கிவரும் கல்லூரியைத் தன்னகத்தே கொண்ட உடுவிலில், வரிசை என்ற சொல் ரெனிஸ் களத்தைவிட வீட்டு முற்றத்திலேயே அதிகம் கேட்கும். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, “மாவட்ட நிலை என்ன? அகில இலங்கை நிலை என்ன?” என்று அயலவர் கேட்பர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பெற்ற அந்த எண்ணை, நாற்பது வயதிலும் ஒருவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்பவர் உண்டு. நல்ல எண் பெற்றவர் அதிலேயே நின்றுவிடுவதும், குறைந்த எண் பெற்றவர் தலைகுனிந்தே நடப்பதும் இதனால் விளையும் கேடுகள்.

ரெனிஸ் உலகம் ஒவ்வொரு வாரமும் தன் கணக்கைத் திருத்திக்கொள்கின்றது. பிள்ளைகளைப் பற்றிய கணக்கைப் பெற்றோரும் ஊராரும் திருத்திக்கொள்ள எத்தனை வாரங்கள் வேண்டும்?

அடுத்த விம்பிள்டன் தொடங்கும்போது பட்டியலை ஆவலோடு பாருங்கள். அதன்பின், ஆட்டத்தையும் பாருங்கள்.