பச்சை முக்கோணம் மீனுக்குத் தெரியுமா?



தலைமடையில வடியுற தண்ணிதான் கடைமடைக்குப் பாசனத் தண்ணி. நம்ம டெல்டாவில் வடிகால் வேற, பாய்ச்சல் வாய்க்கால் வேற என்று பல ஊர்களில் கிடையாது. கோரையாறும் பாமணியாறும் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில்தான் போய் விழுகின்றன. நாம தெளிச்சது நம்ம வரப்போடு நிற்பதில்லை.

மருந்துக்கடையில், "பச்சை முக்கோணம் போட்டிருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள். யாரை ஒண்ணும் பண்ணாது? சோதனை விலங்கின் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போனால் பாதி சாகும் என்று பார்த்து வைத்த நிறம் அது. 50 வரை சிவப்பு, 5,000-க்கு மேல் பச்சை. தெளிக்கிற ஆளுக்கு அது வேண்டியதுதான். ஆனா மீனுக்கும் இறாலுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. குளோராண்ட்ரனிலிப்ரோல் பச்சை முக்கோணம்தான். மீன்குஞ்சு தின்கிற தண்ணீர்ப் பூச்சிகளுக்கு அது கடும் விஷம்.

சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் போன்றவை மீனையே நேராகக் கொல்லும். நெல்லில் அடித்தால் சிலந்தியும் சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும். காசு கொடுத்துப் புகையான் வளர்க்கிறோம்!

முதல்ல எண்ணிப் பாருங்க. தூருக்கு ஒரு புகையான், சிலந்தி இருந்தால் இரண்டு. அதுக்குக் கீழே மருந்தே வேண்டாம். புகையானுக்குத் தண்ணியை வடிக்கணும், சரி. தெளிக்கிறதுக்கு முன்னாடி வடிங்க. தெளிச்ச பிறகு மடையைத் திறக்காதீங்க. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, 200 லிட்டர் கரைசலாக அடிக்கலாம். (வேம்பு என்பதால் குளத்தில் கொட்டலாம் என்று அர்த்தமில்லை.) அதுக்கும் அடங்கலைன்னா பைமெட்ரோசின் கேளுங்க, மீனுக்குக் கெடுதல் குறைவு. குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை இருக்கு. எதை அடிச்சாலும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீங்க.

அட்டை எங்கே என்று கேட்டால் "இன்னும் வரலை" என்கிறார்கள். பூச்சி காத்திருக்குமா? பருவத்துக்கு முன்பே எல்லா வேளாண் விரிவாக்க மையத்திலும் அட்டையும் வேப்பங்கொட்டையும் இருப்பு வை! மீனுக்கு விஷம் என்பதை டப்பாவின் முகப்பில் பெரிய தமிழ் எழுத்தில் போடு! இதுதான் நம் கோரிக்கை.

ஆர்ப்பாட்டத்துக்கு வர்றவங்க மூடி இறுக்கிய காலி டப்பா ஒன்று கொண்டு வரணும். சீட்டைக் கிழிக்க வேண்டாம். அதிகாரியை அதைத்தான் கண்ணாடி போட்டுப் படிக்கச் சொல்லப் போகிறோம்.