டான்யூபின் தண்ணீர் எங்கே போகிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரைபடத்தில் ஒரு நீலக்கோட்டைக் காட்டி, “இந்த ஆறு இங்கே பிறந்து, இந்தக் கடலில் கலக்கிறது” என்று வகுப்பில் சொல்கிறோம். டான்யூப் கருங்கடலில் கலக்கிறது என்பதும் அப்படித்தான். ஆனால் அதன் தண்ணீரில் ஒரு பங்கு வடகடலுக்குப் போகிறது.

தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகே டான்யூப் சுண்ணாம்புப் பாறை மீது ஓடுகிறது. படுகையில் உள்ள வெடிப்புகளிலும் துளைகளிலும் தண்ணீர் இறங்கிவிடும். கோடையில் பல நாட்கள் அங்கே வெறும் கூழாங்கல்தான் கிடக்கும். தெற்கே 12 கிலோமீட்டர் தொலைவில், ஆஹ் என்ற சிற்றூரில் ஓர் ஊற்று விநாடிக்குச் சராசரியாக 8,000 லிட்டருக்கும் மேல் பொங்குகிறது. அந்த ஓடை ரைன் ஆற்றில் சேர்கிறது.

இரண்டும் ஒரே தண்ணீரா? இது வெறும் ஆர்வக் கேள்வியாக இருக்கவில்லை. துளைகளை அடைத்தால் ஊற்றை நம்பிய ஆலைகள் நிற்கும்; அடைக்காவிட்டால் டான்யூப் கரை ஆலைகள் நிற்கும். வழக்கு 1927-இல் நீதிமன்றம் வரை போனது.

1877-இல் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர் 10 கிலோ ஃப்ளோரசின் சாயம், 20 டன் உப்பு, ஷேல் எண்ணெய் மூன்றையும் அந்தத் துளைகளில் இட்டார். சுமார் 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. நீர் உப்புக் கரித்தது. எண்ணெய்ச் சுவையும் இருந்தது.

மாணவர்களை வகுக்கச் சொல்லுங்கள்: மணிக்கு 200 மீட்டர். மணலில் கசியும் நீருக்கு இந்த வேகம் கிடையாது. ஆக, உள்ளே குழாய்போல் வழி இருக்கிறது. பின்னாளில் நீர்மூழ்கி வீரர்கள் ஊற்றின் வாய்வழியே இறங்கி, நீர் நிரம்பிய குகையைக் கண்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் உறிஞ்சு துளை, குகை என்று தனித்தனியாகப் படிப்பவை இங்கே ஒரே வழியின் பகுதிகள். மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் பாறையைக் கரைக்கிறது, அவ்வளவுதான். முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டலாம். (சாக்பீஸ் வேண்டாம், பெரும்பாலும் ஜிப்சம், நுரைக்காது.)

வடிகட்டும் மணல் இல்லாததால், இத்தகைய நிலத்தில் துளைக்குள் கொட்டும் கழிவு சில நாட்களில் வேறோர் ஊரின் குடத்துக்கு வந்துவிடும்.

நம் மாநிலத்தில் பெரும்பகுதி கடினப் பாறை. நீர் அதன் வெடிப்புகளில் நிற்கிறது. “எங்க ஊர்க் குளத்துக்கும் கடலுக்கும் சுரங்கம் இருக்கு, சார்” என்று ஒரு பிள்ளை சொன்னால் உட்காரச் சொல்லிவிடாதீர்கள். அங்கே என்ன பாறை, யார் எதைக் கலந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள்.