கையெழுத்தும் காயமும்

எங்கள் நெல்லியடிச் சந்தியில் வைகறை வேளையில் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். சாந்தகப்பையும் தூக்குக்குண்டும் பையில் தொங்க, மேசன்மாரும் அவர்தம் கையாட்களும் துவிச்சக்கர வண்டிகளில் கரவெட்டிக்கும் பருத்தித்துறைக்கும் அச்சுவேலிக்குமாகப் பிரிந்து செல்வார்கள். 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர் இடிந்த வீடுகள் எழுந்தன. புதிய மாடிகளும் எழுந்தன. அவற்றை எழுப்பிய கைகளுட் பல, ஒரு காலத்தில் என் வகுப்பறையில் எழுதுகோல் பிடித்த கைகள். அக்கைகளுக்கு ஊறு நேர்ந்தால் சட்டம் என்ன துணை செய்கின்றது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், குடும்ப நிலை காரணமாகப் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு மேசன் வேலைக்குச் சென்றார். சில ஆண்டுகளின் பின், மாடி வீடொன்றில் வேலை செய்து கொண்டிருந்தபோது சாரத்தின் கட்டு அறுந்து கீழே வீழ்ந்தார். மந்திகை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். உயிர் தப்பியது, வலக்கால் முன்போல் மடங்கவில்லை. மூன்றாம் நாள் கொந்தராத்துக்காரர் தோடம்பழமும் ஒரு தாளும் கொண்டு வந்தார். "தம்பி, இதிலை ஒரு கையெழுத்தைப் போடு, செலவுக்குக் காசு தாறன்" என்றார். மாணவரும் இட்டார். 'என் கவனக்குறைவினாலேயே விழுந்தேன். கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொண்டேன். இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்' என்பது அத்தாளின் வாசகம்.

ஆறு மாதங்களுக்குப் பின் அவர் ஊன்றுகோலுடன் என் வீட்டுக்கு வந்தார். "ஏன் தம்பி, வாசிக்காமலா போட்டாய்?" என்று கேட்டேன். "வாசிச்சனான் சேர். போட்டால் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன்" என்றார். கையெழுத்திடக் கற்பித்தவன் நான். எங்கே இடலாகாது என்பதை நான் கற்பிக்கவில்லையே என்ற எண்ணம் அன்று என்னைச் சுட்டது.

உண்மையில் அத்தாளினால் எதுவும் முடிந்துவிடவில்லை. நட்டஈடு பெறும் உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்பது நம் நாட்டுச் சட்டம். அச்சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாகும்.

அச்சட்டத்தின் அருமையை அறிய வேண்டுமாயின், அதற்கு முன்பிருந்த நிலையை நோக்குதல் வேண்டும். 1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாளான பிரீஸ்ட்லி என்ற இளைஞன், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்தான். யூரிமார் நூறு பவுண் வழங்கத் தீர்த்தனர். மேல் விசாரணை செய்த நீதிமன்றமோ அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வேலையின் ஆபத்தைத் தெரிந்தே வேலையாள் ஏற்கின்றான் என்னும் கருத்து அதன் பின் நெடுங்காலம் தொழிலாளர் கழுத்தில் நுகமாக இருந்தது. முதலாளியின் குற்றத்தை நிறுவினாலன்றி ஒரு சதமும் பெற வழியில்லை. தினக்கூலி பெறுபவன் அதனை நிறுவுவது எங்ஙனம்?

இந்த நுகத்தை முதலில் அகற்றிய நாடு ஜேர்மனி. 1884இல் பிஸ்மார்க் காலத்தில் அங்கே விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. இங்கிலாந்து 1897இலும், இந்தியா 1923இலும் நட்டஈட்டுச் சட்டங்களை இயற்றின. இலங்கையில் 1934இல் இச்சட்டம் அரசாங்க சபையில் நிறைவேறிய காலத்தில் தொழில் அமைச்சராக விளங்கியவர், மலையகத் தமிழரான பெரி சுந்தரம் அவர்கள். தொழிலின் நிமித்தமாகவும் தொழில் செய்யும் வேளையிலும் விபத்து நேர்ந்ததா என்பதே இச்சட்டத்தின் முதற் கேள்வி. முதலாளி குற்றவாளி என்று நிறுவ வேண்டிய சுமை தொழிலாளிக்கு இல்லை. மதுபோதையினாலோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதனாலோ நேர்ந்த காயம் போன்ற சில விலக்குகள் உண்டு. 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல் மட்டும் அவ்விலக்குகளுள் அடங்காது. ஆகவே, என் மாணவரிடம் எழுதி வாங்கிய வாசகம் உண்மையாகவே இருந்தாலும், அவருடைய உரிமை அதனால் அழியாது.

கை, கால், கண், விரல் என உறுப்புக்களின் இழப்பை அளவிட்டுச் சட்டம் ஓர் அட்டவணை வகுத்துள்ளது. உழைக்கும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது என்பதையும் பெற்ற சம்பளத்தையும் கொண்டே தொகை கணிக்கப்படும். முன்னர் 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகை, 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் இருபது இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதே திருத்தத்தால் சட்டத்தினுள் வந்தது. தொழிலாளி இறந்துபட்டால், நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். அவர் தங்கியிருப்போர்க்குப் பகிர்ந்தளிப்பார். செத்த வீட்டில் ஒரு பொதியைக் கையில் வைத்துவிட்டுப் போவதனால் முதலாளியின் கடன் தீர்ந்துவிடாது.

சட்டம் இவ்வாறிருக்க, ஏழைகள் ஏன் வெறுங்கையோடு திரும்புகின்றனர்? என் மாணவரை யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றபோது அதன் விடையைக் கண்டேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இவ்வாணைக்குழு, பொருள் வசதியற்றோருக்குச் சட்டத்துணை வழங்குவது. அங்கிருந்த சட்டத்தரணி அந்தத் தாளைப் பார்த்து அஞ்சவில்லை. அவர் கேட்ட கேள்விகளே எங்களைத் திகைக்க வைத்தன. "ஆசுபத்திரியில் என்ன சொன்னீர்கள்?" வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம், கொந்தராத்துக்காரர் அப்படிச் சொல்லச் சொன்னார். "நாட்கூலி எவ்வளவு என்பதற்கு எழுத்து உண்டா?" இல்லை. "கூட நின்றவர்கள் யார்?" அவர்கள் இன்னும் அதே கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்கிறார்கள்.

வழக்கைக் காத்தது ஒரு கொப்பி. அவருடைய மனைவி சீட்டுக் கட்டுவதற்காக, கணவர் எந்த நாள் எங்கே வேலை செய்தார், எவ்வளவு கொண்டு வந்தார் என்பதை நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். அக்கொப்பியைக் கொண்டு சம்பளம் நிலைநாட்டப்பட்டது. கூட வேலை செய்த முதியவர் ஒருவர், "எனக்கும் பிள்ளையள் இருக்கினம்" என்று சொல்லிச் சாட்சி கூற முன்வந்தார். நீண்ட அலைச்சலின் பின் நட்டஈடு கிடைத்தது. கால் மீளவில்லை, ஆயினும் இன்று அவர் ஒரு சிறு கடை வைத்துப் பிழைக்கின்றார்.

ஆதலின், கட்டட வேலை செய்யும் சகோதரர்களுக்கும் அவர்தம் இல்லத்தாருக்கும் சில சொல்ல விரும்புகின்றேன். விபத்து நேர்ந்தவுடன் வேலை கொடுத்தவருக்கு அறிவியுங்கள். ஆசுபத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். வேலைத்தலத்தில் விழுந்ததாகவே பதிவாக வேண்டும். கூட நின்றவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். வேலை செய்த நாளையும் பெற்ற கூலியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கட்டிலருகே வரும் தாளில் கையெழுத்திடாதீர்கள். தொழில் திணைக்களத்தையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ காலந்தாழ்த்தாது நாடுங்கள். கோரிக்கை வைப்பதற்குச் சட்டம் ஒரு கால எல்லை விதித்திருக்கின்றது.

கொந்தராத்துக்காரரும் பெரும்பாலும் நம் ஊரவரே. அவரும் ஒரு காலத்தில் சாந்து குழைத்தவரே. ஒரு விபத்தின் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தால் அவரும் நொடிந்து போவார். இதற்கெனவே காப்புறுதி உண்டு. வீடு கட்டுவோர் அத்திவாரமிட நாள் பார்க்கின்றோம். நிலை வைக்க முகூர்த்தம் பார்க்கின்றோம். வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுத்தாயிற்றா, சாரம் உறுதியானதா என்று கேட்க மறந்து விடுகின்றோம். நாளும் கோளும் பார்த்தெழுந்த வீட்டில் ஒருவனுடைய கால் போனால், அந்த வீட்டுக்கு என்ன மங்கலம்?

ஆசிரியர்களாகிய எமக்கும் கடமையுண்டு. நம் மாணவர் எல்லோரும் பல்கலைக்கழகம் செல்பவர்களல்லர். பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இச்சட்டத்தை ஒரு பாடவேளையிலேனும் எடுத்துரைத்தல் தகும். என் மாணவர் ஊன்றுகோலுடன் வந்த நாளுக்குப் பின், ஆண்டுதோறும் எங்கள் பள்ளியில் அந்தப் பாடவேளை நடைபெற்று வருகின்றது.